செம்போத்தை விரட்டிய ஓட்டவாத்தியார்

திருநெல்வேலிச் சீமையில் காரணமில்லாமல் ஓடிய முதல் மனிதர் எங்கள் ஓட்டவாத்தியார்தான். மற்றவர்கள் ஓடினால் முன்னால் ஒரு மாடோ பின்னால் ஒரு போலீஸ்காரனோ இருப்பது வழக்கம். இவருக்கு முன்னாலும் பின்னாலும் ஒன்றும் இராது. சந்தேகம் அங்கேதான் ஆரம்பித்தது.

பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார் அவர். விடிகிற நேரத்தில் அரைக்கால் சட்டையோடு ஆற்றைப் பார்த்து ஓடுவார். வழியில் ஏதாவது பறவை கத்தினால் போதும், கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் நின்று கையை உயர்த்திவிடுவார். எதிரே வரும் மாட்டுவண்டியும் நிற்க வேண்டும்.

"பைய, பைய. ஆக்காட்டி பேசுது."

"என்ன பேசுது, வாத்தியாரே?"

"தெரியாது. நம்மளைப் பத்தித்தான் இருக்கும்."

பிறகு ஒரு சீட்டியடித்து அதற்குப் பதிலும் சொல்லுவார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தை ஒட்டிய வருஷங்கள் அவை. நாலு பேர் கூடி நின்றாலே போலீஸ் காதைத் தீட்டிக்கொள்ளும். புதருக்குள் யாருக்கோ சைகை கொடுக்கிறார் என்று ஒரு கான்ஸ்டபிளை அவர் பின்னால் ஓடவிட்டார்கள். கொஞ்ச நாளில் கான்ஸ்டபிளுக்குத் தொப்பை கரைந்தது. வேறு தகவல் கிடைக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் ஒரு பண்ணையார் வந்து சேர்ந்தார். நான் அப்போது சப் மாஜிஸ்திரேட் கச்சேரியில் பெஞ்சு கிளார்க். பண்ணையார் ஆற்றுக்கு அக்கரைக்காரர்; ஒரு வரப்புத் தகராறுக்காக வாய்தா தவறாமல் பாளையங்கோட்டைக்கு நடப்பவர். எங்கள் ஊர்க் கணக்கில், கோர்ட்டுக்குப் போகிறவன் எதிரே செம்போத்து இடமிருந்து வலமாகப் பறந்தால் ஜெயம். வலமிருந்து இடமானால் வக்கீலைப் பார்க்கவே வேண்டாம், திரும்பிவிடலாம்.

"தீர விசாரிச்சிட்டேன் வே," என்று என் மேஜையில் சாய்ந்தார். "எதிராளி ஏவிவிட்ட ஆளு அந்த ஓட்டவாத்தியான். நான் வாய்தாவுக்கு வாற அன்னைக்கெல்லாம் எதுக்க ஓடிவந்து செம்போத்தை இடப்பக்கமா விரட்டுதான்."

"மத்த நாள்ல?"

"மத்த நாள்ல நான் ஏன் வே அங்கன போறேன்?"

செம்போத்தை விரட்டுவதற்கென்று சட்டத்தில் தனிப் பிரிவு கிடையாது. ஆனால் இனி ஒழுங்காக நடப்பேன் என்று எழுதி வாங்கும் நன்னடத்தை ஜாமீன் கேட்பதற்குச் சந்தேகமே தாராளம்; பண்ணையார் மனுப் போட்டுவிட்டார். ஜாமீன் எழுதிக்கொடுத்த வாத்தியாரை மிஷன் வைத்திருக்காது. நோட்டீசை வாங்கிக்கொண்டு அவர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார்.

"வேலை போயிரும்லா, ஐயா?"

"போயிரும்," என்றேன். நடைமுறை தெரிந்தவன் ஆறுதல் சொல்லக் கூடாது.

மாஜிஸ்திரேட் ஸ்தலத்தை நேரில் பார்க்க உத்தரவிட்டார். பண்ணையாரின் அடுத்த வாய்தா நாளன்று விடியற்காலையில் அவர், நான், கான்ஸ்டபிள், பண்ணையார் எல்லோரும் ஆற்றுச்சாலையில் நின்றோம். வாத்தியாரை மட்டும் வழக்கம்போல் ஓடிவரச் சொன்னோம். பாவம், ஓடிவந்தவர் பழக்கதோஷத்தில் மாஜிஸ்திரேட்டுக்கு முன்னாலேயே ஒற்றைக்காலில் நின்று கையை உயர்த்திவிட்டார்.

"சத்தம் போடாதீங்க எசமான். உங்க வலப்பக்கப் புதர்ல செம்போத்து."

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். 'உப், உப், உப்' என்று அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி ஒரு குரல். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். இன்னும் கொஞ்ச நேரத்தில் வேலை போகப்போகிறவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்து மாஜிஸ்திரேட் பொடி போட்டிருந்தார். ஒரு தும்மல். செம்போத்து விருட்டென்று எழும்பி எங்கள் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் பறந்தது. பண்ணையார் சட்டென்று அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார்.

"என்ன வே செய்யுதீரு?" என்றார் மாஜிஸ்திரேட்.

"இப்ப எனக்கு வலம் போகுது, எசமான்."

நான் பேனாவை எடுத்தேன். "பறவை கலைந்ததற்குக் காரணம் பதிவாக வேண்டும், எசமான். அதுதான் முறை."

மாஜிஸ்திரேட் என்னை நீளமாகப் பார்த்தார். மனு அங்கேயே தள்ளுபடியானது. வந்த சகுனம் கெட்டுவிடக் கூடாதென்று பண்ணையார் கோர்ட்டு வரைக்கும் பின்புறமாகவே நடந்தார்.

வேலை தப்பியதே தவிர, வாத்தியார் பயந்துபோனார். மறுநாள் ஓடவில்லை, அடுத்த நாளும் இல்லை. சாலை என்னவோ போலிருந்தது. சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன்.

"தன் மேல் வந்த மனு தள்ளுபடியான பிறகு ஒரு ஆள் பழைய வழக்கத்தை நிறுத்தினால், குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். சட்டம் அப்படித்தான் சொல்லுது," என்றேன்.

"அப்படியா, ஐயா? அப்போ நாளைக்கே ஓடிருதேன்."

அப்படி ஒரு சட்டம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. என் சர்வீஸ் முழுவதிலும் நானாக இயற்றியது அது ஒன்றுதான்.