என் நகல் போனதும் என் வீடு காலியான விபரம்

தோட்டக் காரியாலயம்,
பெரகல வழி.
12.12.1989

மகாகனம் பொருந்திய மாப்பிள்ளை வீரய்யா அவர்களுக்கு, பெரிய கிளாக்கர் கந்தப்பன் எழுதிக்கொள்வது. முருகன் புண்ணியத்தில் நானும் உங்கள் அத்தையும் சுகம். பிரசவத்துக்கு வந்திருக்கும் உங்கள் மனைவி ஜெயலெட்சுமியும் சுகம், எட்டு மாதமாகிறது, கால் மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. கொழும்பில் நீங்களும் உங்கள் கம்ப்யூட்டரும் சுகமாகத்தான் இருப்பீர்கள். இங்கே சுகமில்லாதது என் வீடு ஒன்றுதான்.

தீபாவளிக்கு வந்திருந்தபோது, பிராந்தியக் காரியாலயத்துக்கு நீங்கள் எழுதிக்கொடுத்த ஆட்பதிவுப் புரோகிராமைப் பற்றி மணிக்கணக்கில் விளக்கினீர்கள். ஒரு ஆளை உள்ளே போட்டதும் யாரும் கூப்பிடாமலே ஒரு கட்டளை ஓடும், அது பெயரைப் பதிந்து வீடு ஒதுக்கும், அதற்குக் கன்ஸ்ட்ரக்டர் என்று பெயர். ஆள் போகும்போதும் யாரும் கூப்பிடாமலே இன்னொன்று ஓடும், அது வீட்டைத் திருப்பி எடுத்துத் துப்புரவாக்கும், அதற்கு டிஸ்ட்ரக்டர் என்று பெயர். ஆள் போனதை அதற்கு யார் சொல்வது என்று கேட்டேன். "அது தானாவே தெரிஞ்சுக்கும் மாமா, நீங்க கவலைப்படாதீங்க" என்று சிரித்தீர்கள். படித்த மாப்பிள்ளை சொல்கிறாரே என்று நானும் தலையை ஆட்டித் தொலைத்தேன்.

போன மாதம், முப்பது வருடம் வேலை செய்தவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கவென்று லிஸ்ட் கேட்டார்களாம். உங்கள் மெசின் என் பதிவை நகல் எடுத்து அந்த லிஸ்டில் போட்டது. லிஸ்ட் அடித்து முடிந்ததும் நகலுக்கு வேலை இல்லை, போய்விட்டது. போகிறது சும்மா போகக்கூடாதா? நகலின் கையிலும் என் வீட்டு நம்பரே இருந்ததால், அது போகும்போது டிஸ்ட்ரக்டர் ஓடி என் வீட்டைக் காலி என்று எழுதிவிட்டது. முப்பத்துமூன்று வருடமாக நானும் காபன் வைத்து டைப் அடிக்கிறேன் மாப்பிள்ளை. காபன் பிரதியைக் கிழித்துக் கூடையில் போட்டதற்காக எந்த மனுஷனும் சட்டி பானையோடு ரோட்டுக்குப் போனதில்லை.

போன திங்கட்கிழமை வாசலில் லொறி வந்து நின்றது. பதுளையிலிருந்து புதிய கிளாக்கர் இத்ரூஸ், மனைவி நளீரா, மூன்று பிள்ளைகள், ஒரு தையல் மெசின், இரண்டு அலுமாரி, ஒரு கூடு நிறைய லவ்பேர்ட்ஸ். கையில் என் வீட்டை ஒதுக்கிய கடிதம். சண்டை பிடிப்போம் என்று சாரத்தை மடித்துக் கட்டினால், "பிள்ளைத்தாச்சி இருக்கிற வீடுன்னு தெரிஞ்சிருந்தா சாமானே ஏத்தியிருக்க மாட்டேன் ஐயா" என்று அந்த மனுஷன் கைகட்டி நிற்கிறார். அவருக்கும் போக இடமில்லை, லொறியும் திரும்பிப் போய்விட்டது. இப்போது முன்னறையில் அவர்கள், உள்ளறையில் நாங்கள். நளீரா ராத்திரிக்கு வட்டிலப்பம் வேறு கொடுத்தனுப்புகிறாள். இப்படிப்பட்டவர்கள் மேல் எப்படிக் கோபப்படுவது? அந்தக் கோபத்தையும் சேர்த்து உங்கள் மேல்தான் படவேண்டியிருக்கிறது.

பிராந்தியத்துக்கு டெலிபோன் போட்டுக் கத்தினேன். திரும்பச் சேர்த்துவிடுகிறோம் என்றார்கள், சேர்த்தும்விட்டார்கள். சேர்த்ததும் உங்கள் கன்ஸ்ட்ரக்டர் ஓடியது. புதிதாகச் சேர்ந்த ஆள் என்று பதிந்து, வயது ஐம்பத்தாறு, சேவைக்காலம் மூன்று நாள், கல்யாணமாகாதவர் என்று போட்டு, கீழ்ப்பிரிவில் ஒற்றை அறை ஒதுக்கியிருக்கிறது. அந்தக் காகிதத்தை வாசித்ததிலிருந்து உங்கள் அத்தை என்னோடு பேசுவதில்லை. முப்பத்தோராம் தேதிக்குள் இந்த வீட்டை விடவேண்டும். தையில் பிறக்கப்போகும் உங்கள் பிள்ளையை, கூரை ஒழுகுகிற அந்த அறையில் எந்த மூலையில் படுக்கப்போடுவது? ஜெயலெட்சுமி அழாமல் சின்னச் சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்குகிறாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

ஆகையால் கடிதம் கண்டவுடன் லீவு போட்டு, நகல் போகும்போது வீட்டைப் பறிக்காதபடி புரோகிராமைத் திருத்திக்கொண்டு அடுத்த ரயிலில் வரவும். வீட்டைப் பறித்தது நீங்கள், திருப்பித் தரவேண்டியதும் நீங்கள்தான்.

தாங்கள் தீர்க்காயுசோடும், இனிமேலாவது கொஞ்சம் நிதானத்தோடும் இருக்க ஆசீர்வதிக்கும்,
மாமா கந்தப்பன்.

பி.கு.: அத்தாட்சிக்கு ஒரு காகிதம் சேர்த்து அனுப்பலாமென்று காரியாலயத்துக்குப் போய் ஃபைலைப் புரட்டினேன். மெசின் தன்பாட்டில் எந்த வீட்டையும் எடுப்பதில்லையாம். காலி என்று ஒரு காகிதம் அடித்து அனுப்புமாம், பெரிய கிளாக்கர் நேரில் போய்ப் பார்த்து உறுதிப்படுத்த வேண்டுமாம். என் வீடு காலியாக இருப்பதை நேரில் பார்த்து உறுதிப்படுத்தியவர் ச. கந்தப்பன். கையெழுத்து என்னுடையதேதான். கட்டாக வந்ததை வாசிக்காமல் போட்டிருக்கிறேன். அதே சான்றிதழ் லிஸ்டில் இருந்த லயத்துத் தொழிலாளர் நான்கு பேரின் காகிதங்களும் அடியில் இருந்தன, அவற்றிலும் என் கையெழுத்து. அவர்களுக்காக டெலிபோன் போட்டுக் கத்த யாருமில்லை. அவர்களில் கொழுந்து பறிக்கும் கருப்பம்மா ஒன்றும் கேட்காமல் மூட்டையைக் கட்டிக்கொண்டு மொனராகலைக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டாளாம். விடிந்ததும் முதல் பஸ்ஸில் போய் அவளைக் கூட்டிவர வேண்டும், அவள் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்லவும் வேண்டும். உங்கள் அத்தை கேட்டு எழுதினால் மட்டும், பிழை மெசினுடையது என்றே பதில் போடுங்கள் மாப்பிள்ளை.