கீசர் மேல் போட்ட பழி

இயேசு, மரி, சூசை மூவரும் சாட்சி.

இராயபுரம்

மதிப்புக்கும், தற்சமயம் பயத்துக்கும் உரிய மாமா ஸ்டானிஸ்லாஸ் அவர்களுக்கு,

உங்கள் மனைவியின் ஒரே தம்பி அலெக்ஸாண்டர் ஏறக்குறைய முழங்காலில் நின்று எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் அனைவரும் நலம். நான் நலமாக இருந்ததுதான் இத்தனை வினைக்கும் காரணம் என்பதால் அதை விரித்து எழுதக் கூச்சமாக இருக்கிறது. போன் போட்டால் கட் செய்கிறீர்கள், வாட்ஸ்அப்பில் பிளாக் செய்துவிட்டீர்கள். தபால்காரரை பிளாக் செய்ய முடியாது என்று எல்சிதான் பேனாவை எடுத்துக் கொடுத்தாள்.

நடந்தது இதுதான் மாமா. ஒரு வாரமாக எங்கள் வீட்டு கரண்ட் போர்டில் இருக்கும் ட்ரிப்பர் சாயங்காலமானால் டப்பென்று விழுந்துகொண்டிருந்தது. யார்டிலிருந்து வந்து, கன்டெய்னர் தூசியைக் கழுவ நீங்கள் அன்பளித்த கீசரைப் போடுவேன், குளியலறைக் கதவைத் தொடுவதற்குள் வீடே இருட்டு. இந்தக் கஷ்டத்தை அக்காவிடம் சொல்லி ஆறுதல் தேடலாமென்று போன் செய்து, "வூட்ல ஒரே ட்ரிப்பாகினு கீதுக்கா, பேஜாரா கீது" என்றேன். வாசலில் டிரெய்லர் லாரி ஹாரன் அடித்ததில், ஃப்ளோரா அக்காவின் காதில் "ட்ரிப்ஸ் ஏறிகினு கீது" என்று விழுந்திருக்கிறது.

"எத்தினி நாளாடா?"

"ஒரு வாரமாக்கா."

"அடப்பாவி, எங்கைல ஒரு வார்த்த சொல்லலியேடா!"

"இதப் போயி இன்னாத்த சொல்றதுக்கா, எல்லார் வூட்லயும் ஆவறதுதான்."

விம்கோ நகரிலிருந்து ஆட்டோ பிடித்து, பிரெட், ஹார்லிக்ஸ், சாத்துக்குடி, ஜெபமாலை சகிதம் நீங்கள் இருவரும் ஓடிவந்தபோது நான் சங்கரா மீன் குழம்பில் இரண்டாம் சோறு பிசைந்துகொண்டிருந்தேன். "இன்னாடா அலெக்ஸு, ட்ரிப்ஸு எங்கடா?" என்றீர்கள். உங்களுக்கு மூச்சு வாங்கியது. கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன் மாமா. மனிதனாகப் பிறந்தவன் அந்த நேரத்தில் எழுந்து உங்களைக் கட்டிப்பிடித்திருப்பான். நான் வாயிலிருந்து முள்ளை எடுத்து வைத்துவிட்டு, "எல்லாம் நீ குட்த்த கலீஜ் கீசராலதான் மாமு" என்றேன். "நல்லாக் கீற ஒன்னிய பாக்க ஓடியாந்தேன் பாரு, என்னிய சொல்லணும். இனிமே இந்த வூட்டுப் படிய மிதிச்சா ஏன்னு கேளு!" என்று சாத்துக்குடிப் பையோடு இறங்கிப் போய்விட்டீர்கள். ஹார்லிக்ஸை அக்கா மறந்து வைத்துவிட்டாள். அது தீர்ந்துவிட்டது, அதற்கும் மன்னிப்பு.

வருகிற ஞாயிறு பேரனுக்கு ஞானஸ்நானம். என் மகள் சில்வியா ஒரே பிடியாக நிற்கிறாள். "ஸ்டானிஸ் மாமாதான் ஞானத்தகப்பன். அவரு வரலன்னா புள்ளைக்கு ஞானஸ்நானமும் இல்ல, ஒனக்கு நான் பொண்ணும் இல்ல" என்கிறாள். பங்குச் சாமியார் ஞானத்தகப்பன் பெயரைக் கேட்கிறார். நான் அவரைப் பார்த்தால் எதிர்ப் பக்கத்து பிளாட்பாரத்துக்குத் தாவுகிறேன்.

இதற்கிடையில் நேற்று சாயங்காலமும் ட்ரிப்பர் விழுந்தது. தள்ளினேன், விழுந்தது, தள்ளினேன், விழுந்தது. கடைசியில் துடைப்பக் கட்டையால் லீவருக்கு முட்டுக் கொடுத்தேன். லீவர் நின்றது, கரண்ட் வரவில்லை. எல்சி பார்த்துவிட்டாள். "இன்னாங்க பண்றீங்க? அது வுழறதே நம்ம உசுரு பொழைக்கத்தான், அதுக்கு முட்டா?" என்று கட்டையைப் பிடுங்கி (அடிக்கவில்லை), எல்லா சுவிட்சையும் அணைத்து, பிளக்குகளையெல்லாம் கழற்றி, "இப்பவும் வுழுந்தா எலக்ட்ரீஷியன் காஜா பாய கூப்டுவோம், நீங்க கைய வெக்காதீங்க" என்று லீவரைத் தூக்கினாள். நின்றது. பிறகு ஒவ்வொன்றாகப் போட்டாள். ஃபிரிட்ஜ் போட்டாள், நின்றது. உங்கள் கீசரைப் போட்டாள், அது பாட்டுக்குத் தண்ணீரைச் சுடவைத்தது, ட்ரிப்பர் அசையவில்லை. மொட்டை மாடி ஸ்டாரின் சுவிட்சைத் தொட்டாள். டப்!

மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்தும் இறக்கச் சோம்பல்பட்டு நான் விட்டுவைத்த கிறிஸ்துமஸ் ஸ்டார். குளிக்கப் போகும்போதுதான் அதையும் தட்டிவிட்டுப் போவேன். ஒயர் ஜாயிண்டில் செல்லோடேப். கடல் பனி இறங்கி அதற்குள் தண்ணீர் புகுந்து கரண்ட் கசிந்திருக்கிறது. ஈரக் கையோடு அதை நான் தொட்டிருந்தால் அக்கா கேட்ட ட்ரிப்ஸ் நிஜமாகவே ஏறியிருக்கும். தெருவிலேயே பெரிய ஸ்டார் என்று பீற்றிக்கொண்டு நானே வாங்கி, நானே ஜாயிண்ட் போட்டு, நானே கட்டினேன். பழியை மட்டும் ஒரு பாவமும் அறியாத கீசர் மீதும், எனக்காக மூச்சு வாங்க ஓடிவந்த உங்கள் மீதும் போட்டேன். நினைக்க நினைக்கச் சோறு இறங்கவில்லை மாமா. மன்னித்துவிடுங்கள். ஞாயிறன்று வந்து பிள்ளையைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு என் அன்பு, உங்கள் மகள் ஜானட்டுக்கு ஆசீர், உங்களுக்கு என் இரண்டு காதுகளும், திருகுவதற்கு.

குற்றவாளி மச்சினன்,
அலெக்ஸாண்டர்

பி.கு.: உறையில் போடும் முன் எல்சி படித்துவிட்டுச் சிரிக்கிறாள். "நீங்க வாங்குன ஸ்டாரு காத்துல மூணாவது நாளே கிழிஞ்சு பூட்ச்சே, மறந்துட்டீங்களா? இது ஸ்டானிஸ் அண்ணன் எட்தாந்து, அவரே மாடியேறி ஜாயிண்ட் போட்டு கட்டிட்டுப் போனது" என்கிறாள். ஆகவே மேலே கேட்ட மன்னிப்புகளில் ஹார்லிக்ஸுக்கானதைத் தவிர மற்றவற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஞாயிறன்று அவசியம் வாருங்கள் மாமா. வெறுங்கையோடு வாருங்கள்.