எல்லாருக்கும் ஃப்ரீன்னா பஸ்ஸு எப்படி ஓடும்?

திருக்கழுக்குன்றம்,
வியாழன் மாலை.

அன்பும் மரியாதையும் நிறைந்த செங்கல்வராயன் மாமாவுக்கு,

துர்காதேவி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நைனா, அம்மா, நான், நைனாவின் ஷேர் ஆட்டோ நால்வரும் நலம். அச்சரப்பாக்கத்தில் நீங்களும் சாரதாம்பாள் அத்தையும் புதிதாகக் கன்று போட்ட மாடும் நலமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லி வாங்கிக்கொடுத்த வேலை இன்றோடு போய்விட்டது என்றே நினைக்கிறேன். வீட்டின் முதல் பட்டதாரி, எப்படியாவது வாயைத் திறந்துவிடுவாள் என்று நம்பினீர்கள். திறந்தேன் மாமா. கேள்வி கேட்கத்தான் ஆள் ஏறவில்லை.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் டவுன் பஸ்ஸில் இன்று ஒருநாள் எல்லாருக்கும் இலவசம். பெண்களுக்குத் தினமும் இலவசம்தான், இன்று ஆண்களுக்கும். இலவசம் என்றால் புதிதாக யாராவது பஸ்ஸுக்கு வருகிறார்களா என்று பார்ப்பது எங்கள் கணக்கெடுப்பு ஆபீஸின் வேலை. மேலாளர் ராஜாராம் சார் இன்றைக்கும் நாளைக்குமாக இரண்டு கட்டு படிவம் கொடுத்து, "புதுசா ஏறினவங்க பதினஞ்சு பேரையாச்சும் பேட்டி எடுத்துக்கினு வாம்மா. அப்பதான் உன்னை பர்மனென்ட் பண்ணச் சொல்லி நான் எழுத முடியும்" என்றார். காலை ஏழரை மணிக்குச் செங்கல்பட்டிலேயே ஏறினேன். முதல் சீட்டில் உட்கார்ந்திருந்த திருவேங்கடம் என்கிற பெரியவரிடம் பஸ்ஸுக்குப் புதியவரா என்று கேட்டேன். "நானா புதுசு? இந்த டிரைவர் வேலைக்குச் சேர்றதுக்கு மின்னாடியே நான் இந்த சீட்ல கீறேன்" என்று அவர் கத்த, பஸ்ஸே சிரித்தது. அதற்குப் பிறகு மூன்று நிறுத்தம் வரை படிவத்தால் முகத்தை மறைத்துக்கொண்டேன். அப்புறம் சின்னையன் என்று ஒருவர், எப்போதும் பைக்கில் போகிறவராம், இன்றுதான் பஸ்ஸாம். சந்தோஷமாக எழுதிக்கொண்டே, இலவசம் என்பதால்தானே வந்தீர்கள் என்றேன். "இல்லம்மா, பைக்கு மாமல்லபுரத்துல மெக்கானிக்காண்ட கீது. எடுத்துகினு வரப் போறேன்." எழுதியதை அடித்துவிட்டேன்.

இதெல்லாம் பரவாயில்லை. நம் ஊர் நிறுத்தத்தில் தினமும் ஏறுகிற பெண்கள் ஐந்து பேர் நின்றார்கள். ஒருவரும் ஏறவில்லை! கண்டக்டர் முத்துசாமி அண்ணன் இறங்கியே போய்க் கூப்பிட்டார். ஓட்டலில் அறை பெருக்கும் தெய்வநாயகி அக்கா கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "இன்னா, ஏமாத்துறியா? இன்னிக்கு ஆம்பளைங்களுக்கு ஃப்ரீன்னா நமக்கு டிக்கெட்டுன்னுதானே அர்த்தம்?" என்றார். "அட, எல்லாருக்கும் ஃப்ரீதான், ஏறும்மா!" "எல்லாருக்கும் ஃப்ரீன்னா பஸ்ஸு எப்படி ஓடும்? எங்கியோ இடிக்குது. வாங்கடி." டிக்கெட் கேட்டுவிடுவார்கள் என்று பயந்து, ஆளுக்கு இருபது ரூபாய் கொடுத்து ஷேர் ஆட்டோவில் ஏறினார்கள் மாமா! ஏற்கெனவே ஏழு பெண்கள் இருந்த அந்த ஆட்டோ நம் நைனாவுடையது. அவர் தலையை வெளியே நீட்டி, "துர்கா, நல்லா வேல பாக்குறம்மா! தினம் இதே மாதிரி பண்ணு!" என்று கத்திவிட்டுப் போனார்.

ஆக, புதிதாக வந்தவர் யாருமில்லை, இருந்தவர்களும் போனார்கள். அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். ராஜாராம் சார் நெற்றியைத் தேய்த்தார். நாளைய படிவக் கட்டை எடைக்குப் போடலாமா என்றுகூடக் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

என் மேல் வருத்தம் வேண்டாம். அத்தைக்கு என் நமஸ்காரத்தையும் கன்றுக்குட்டிக்கு ஒரு முத்தத்தையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாயில்லாத மருமகள்,
துர்காதேவி

பி.கு. (வெள்ளி மாலை): மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். நேற்று ஆட்டோவில் நெருக்கியடித்துப் போனபோது, தெய்வநாயகி அக்கா வழிநெடுக மற்றப் பெண்களைத் திட்டியிருக்கிறார்: "தெனம் இருபது ரூபா குடுக்குறீங்களே, எட்டு பத்துக்கு பஸ்ஸு ஒண்ணு சும்மா வருதே, தெரியாதா? ஓடியாந்தா முத்துசாமி நிறுத்துவான்." இன்று அந்த ஏழு பேரும், அவர்கள் சொல்லி இன்னும் ஏழு பேரும் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். பதினான்கு படிவம். பதினைந்தாவது ஆள் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு, தன் சவாரி எல்லாம் எங்கே போயிற்று என்று பார்க்க ஏறினவர். அவர் ஒருவர்தான் டிக்கெட் எடுத்தார். "இதுக்கு முன்னாடி இந்த பஸ்ல வந்திருக்கீங்களா, சார்?" என்று சத்தமாகக் கேட்டேன்.

"அப்பங்காரன் பொழப்புல மண்ணைப் போட்டுட்டு, அவனாண்டயே கேள்வி கேக்குறியே, வெக்கமா இல்ல?" என்றார் நைனா.

"இல்லை" என்று சொல்லிவிட்டு, எழுதிக்கொண்டேன் மாமா.