பதினொரு புதன்கிழமையும் நாலு டயரும்

அன்று தலைமன்னாரில், றஞ்சிதா வீட்டு மணல் ஒழுங்கையில் நின்றவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். நான், சிங்கராசா. என் மனைவி மார்த்தா. அவளுடைய தங்கை றஞ்சிதா. றஞ்சிதாவின் மகள் கிருஷிகா. அடுத்த சனிக்கிழமை அவளுக்குக் கலியாணம். டயர்க் கடைக் கலந்தர் நானா; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். இரண்டு கழுதைகள். மொத்தம் ஏழு. கழுதைகளைச் சேர்ப்பதா விடுவதா என்று கொஞ்சம் யோசித்தேன். மன்னாரில் கழுதை இல்லாமல் எந்தக் கணக்கும் சரிவராது.

நான் ஐஸ் கொம்பனியில் முப்பத்தொரு வருசம் ஐஸ் கட்டி எண்ணியவன். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் நான் எண்ணினால் எண்ணினதுதான். கதைக்கத்தான் கூச்சம். மார்த்தாவோடு கதைக்க இன்னும் கொஞ்சம் கூடக் கூச்சம். அதைச் சிலர் பயம் என்பார்கள்.

எங்களிடம் ஒரு சிவப்புக் கார் இருக்கிறது. மகன் றொசாந்தன் சுவிஸுக்குப் போகும்போது விட்டுப்போனது. கதவு இரண்டு, சீற்று நாலு, பின்னுக்கு மீன் செட்டை மாதிரி ஒன்று. நிற்கும்போதே ஓடுகிற மாதிரி இருக்கும். நான் ஓட்டும்போது நிற்கிற மாதிரி இருக்கும் என்பாள் மார்த்தா. என் வேகம் நாற்பது.

கிருஷிகாவைக் கோயிலுக்கு ஏற்றிப்போவது அந்தக் கார்தான் என்று முடிவாகியிருந்தது. ஓட்டப்போவது நான். அறுபத்தேழு வயதில், ஊரே பார்க்க, ஒரு தரமாவது முன்னுக்குப் போகிற சந்தர்ப்பம். ஆனால் நாலு டயரும் மொட்டை. அப்போதுதான் அந்தப் பெரிய முடிவை எடுத்தேன். எங்கள் வீட்டுக் கதிரை, அலுமாரி, நான் போடுகிற சேட்டு எல்லாம் மார்த்தா தெரிவு செய்தவை. டயராவது நான் தெரிவு செய்வேன்.

வியாழக்கிழமை காலை, காரைக் கழுவப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கலந்தர் நானாவின் கடைக்குப் போனேன். அவர் மூன்று டயர்களை உருட்டிக்கொண்டு வந்தார்.

"அண்ணே, இது கல்லு மாதிரி. கனகாலம் உழைக்கும். இது சத்தமில்லாமல் ஓடும். வயசானாக்களுக்கு நல்லம்."

"மற்றது?"

"அது இளம் பொடியன்மார் கேக்கிறது."

மூன்றாவதின் முன்னால் குந்தினேன். நல்ல அகலம். பக்கம் மெல்லிசு, என் விரலால் நாலு விரல்தான். மேலே அம்பு அம்பாய் வெட்டு. நகத்தால் அழுத்தினேன். மெத்தென்று உள்வாங்கியது.

"இந்த மெதுமைதான் அண்ணே றோட்டைப் பிடிக்கிறது. வளைவில வழுக்காது. பிறேக் போட்டா டக்கெண்டு நிக்கும். இருநூற்று நாப்பதில போனாலும் தாங்கும்."

இருநூற்று நாற்பது! ஆறு சிங்கராசாவின் வேகம்.

"இதுதான் நானா. ஆனா மார்த்தாட்டைச் சொல்லேக்கை, இந்தக் காருக்கு வேற டயரே பொருந்தாது எண்டு சொல்லுங்கோ."

"பொய்யா? வெள்ளிக்கிழமையில?"

"இண்டைக்கு வியாழன்."

"அப்ப சரி."

போனை எடுத்தார். "அக்கா, இந்தக் காருக்கு ஒரேயொரு டயர்தான் பொருந்தும்."

"சரி நானா, கொழுவுங்கோ" என்றாள் மார்த்தா.

தேங்காய் துருவ ஒரு திருவலை வாங்க மூன்று கடை ஏறி இறங்குகிறவள். நாலு டயருக்கு மூன்றே சொல். அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இன்னொன்றும் இருந்தது. அவள் புதன்கிழமைகளில் மாதா கோயில் நவநாளுக்கு என்று போய்வந்தாள். நவநாள் என்றால் ஒன்பது வாரம். நான் எண்ணியது பதினொன்று. பக்தியில் கணக்குப் பார்க்கக்கூடாது என்று விட்டுவிட்டேன். என் வாழ்க்கையில் நான் பாராமல் விட்ட ஒரே கணக்கு அதுதான்.

போனில் மார்த்தா இன்னும் முடிக்கவில்லை. "அவரை என்னை ஏத்திக்கொண்டு றஞ்சிதா வீட்டை வரச்சொல்லுங்கோ. நீங்களும் வாங்கோ நானா. புது டயர், ஏதும் பிழையெண்டா ஆர் பாக்கிறது?"

தலைமன்னார் றோட்டில் நான் பெருமையாக ஓட்டினேன்.

"வளைவில வழுக்காதாம்" என்றேன்.

"இந்த றோட்டில வளைவு எங்க இருக்கு?"

"பிறேக் டக்கெண்டு பிடிக்குமாம். கழுதை குறுக்க வந்தா..."

"நாப்பதில வந்தா கழுதையே பாத்து ஒதுங்கும்."

றஞ்சிதாவின் வீடு றோட்டில் இருந்து அறுபது அடி உள்ளே. அறுபதும் மணல். நான் றோட்டிலேயே நிறுத்தப் பார்த்தேன்.

"உள்ளுக்கு விடுங்கோ" என்றாள் மார்த்தா. "கலியாணத்தண்டு பொம்பிளையை வாசலில ஏத்தவேணுமெல்லோ. இண்டைக்கே ஒருக்காப் பாப்பம்."

விட்டேன். பதினான்காவது அடியில் கார் இருந்துவிட்டது. மிதித்தேன். புது டயர்கள் நண்டு வளை தோண்டுவதுபோல் தோண்டின. மணல் பறந்தது. இரண்டு கழுதைகள் வேடிக்கை பார்க்க வந்தன. றஞ்சிதாவும் கிருஷிகாவும் வெளியே வந்தார்கள்.

"அத்தான், ஏன் அங்கேயே நிப்பாட்டிட்டீங்கள்?"

"நான் நிப்பாட்டேல்லை. நிண்டிட்டுது."

தள்ளுவதற்கு இறங்கிய கலந்தர் நானா சாரத்தில் இருந்த மணலைத் தட்டினார். "நல்ல டயர் அண்ணே. பிடிச்ச இடத்தை விடுதில்லை."

"பெரியப்பா, சனிக்கிழமையும் இப்பிடியோ?" கிருஷிகாவின் முகம் அழுகிற மாதிரி இருந்தது.

மார்த்தா மெதுவாகக் கேட்டாள். "நான் எடுக்கட்டோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "நீயோ? நீ எடுத்தா, கலியாணத்துக்கும் நீயே ஓடு!"

"எல்லாருக்கும் கேட்டதுதானே?" என்றாள். எல்லாருக்கும் கேட்டது. ஒரு கழுதை தலையையும் ஆட்டியது.

மார்த்தா சேலையைச் செருகிக்கொண்டு குந்தினாள். ஈர்க்குத் துண்டால் டயரின் வாயை அழுத்தினாள். உஸ்ஸ் என்று காற்றுப் போனது. ஒவ்வொரு டயருக்கும் நாற்பது எண்ணினாள்.

"ஐயோ, புது டயர்!" என்றேன்.

"காத்துக் குறைஞ்சாத்தான் மணலில பரந்து மிதிக்கும். என்ர ஐயா கரையில ட்ரக்டரால வள்ளம் இழுக்கேக்கை ஆர் காத்துத் திறந்துவிட்டது? நான்தான்."

"சரி, ஆர் ஓடுறது?"

செபப்புத்தகத்தைத் திறந்தாள். மாதா படத்துக்குப் பக்கத்தில் மார்த்தாவின் படம். லைசென்ஸ்.

"நானான்ர மகள் இன்ஷிரா பழக்கினவ" என்றாள்.

"அப்ப அந்தப் பதினொரு புதன்கிழமை?"

"இரண்டு, கோயில். மாதாட்டைச் சொல்லிப்போட்டுத்தானே தொடங்கவேணும். மிச்சம் ஒன்பதும் கார்."

கணக்குச் சரியாகத்தான் இருந்தது. அவள் ஏறினாள், றிவேர்ஸில் போட்டாள், கார் மணலில் இருந்து வாழைப்பழத்தில் ஊசி மாதிரி வழுக்கி றோட்டுக்குப் போய் நின்றது.

"நானா, பம்ப் கொண்டுவந்தனீங்களே?"

"ஓம் அக்கா. நீங்கள் புதன்கிழமையே சொன்னபடி."

நான் கலந்தர் நானாவைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்தார்.

"இதுக்காகவோ டயருக்கு உடனே ஓம் சொன்னனீ?" என்று மார்த்தாவிடம் கேட்டேன்.

"நல்ல டயர்தான் வேணும். உங்கட ஓட்டத்துக்கு எந்த டயரும் போதும். என்ர ஓட்டத்துக்குப் பிறேக் பிடிக்கவேணுமெல்லோ?"

காற்று அடித்து முடிந்தது. கலியாணச் சட்டை அளவு பார்க்க மன்னாருக்கு என்று றஞ்சிதாவும் கிருஷிகாவும் ஏறினார்கள். கடைக்கு என்று கலந்தர் நானா ஏறினார். நான் கதவில் கைவைத்தேன்.

"இஞ்சாருங்கோ, சீற்று நாலுதான். மூண்டரைக்கு பஸ் இருக்கு."

பதினெட்டு எண்ணுவதற்குள் கார் மறைந்துவிட்டது. நிச்சயமாக நாற்பது இல்லை.

ஏழில் நாலு போய்விட்டது. மணலில் நின்றதைப் பிரித்து எழுத எனக்கு மனம் வரவில்லை. மிச்சம் மூன்று.