ஸ்கொயர் ஃபீட் பாய்

ஆம்பூரில் எங்கள் தெருவில் ஸ்கொயர் ஃபீட் பாய்க்குத் தெரியாமல் ஒரு செங்கல்கூட இடம் மாற முடியாது. தோல் தொழிற்சாலையில் முப்பது வருடம் தோலை அளந்து சதுர அடி எழுதியவர். ஓய்வு பெற்றதும் அளக்கத் தோல் கிடைக்கவில்லை. எங்கள் வீடுகள் கிடைத்தன.

நான் ஜன்னலுக்கு மேல் சன்ஷேட் போட்டதும் டேப்போடு வந்து நின்றார்.

“இன்னா சார், கால் அடி ஜாஸ்தி வெளிய வந்திருக்குதே?”

“கொத்தனார் கை தவறிடுச்சி பாய்.”

“கொத்தனார் கை தவறும், டேப்பு தவறாது. ஆனா மழையில நனைஞ்சிருக்குது. காஞ்சப்புறம் இன்னொரு தபா பாக்கறேன்.”

ஈரத்தோல் காய்ந்தால் சுருங்குமாம். சிமெண்டுக்கும் அவரிடம் அதே சட்டம்தான். இரண்டு நாள் வெயில் அடித்தும் என் சன்ஷேட் சுருங்கவில்லை. இடித்தேன். வேறென்ன செய்ய?

இந்த மனிதரிடம்தான் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா மாட்டிக்கொண்டார். ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்த்தவர். இடுப்பு வலியோடு தினமும் கம்பெனி வேனில் குலுங்கிப் போய்வர முடியாமல், வீட்டு முன்னறையிலேயே நான்கு மெஷின் போட்டு, ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்க நினைத்தார். குடியிருப்புத் தெரு என்பதால் லைசென்ஸ் கேட்டார்கள். அதற்கு அக்கம்பக்கத்தார் ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். எல்லோரும் போட்டோம். பாய் மட்டும் பேனாவைத் தொடவில்லை.

“அளக்காம எப்பிடிம்மா கையெழுத்து போடறது?”

மூன்று நாள் அளந்தார். முன்னறை சரி. வாசல் சரி. வந்து இறங்கியிருந்த மெஷினை ஓட்டச் சொல்லி, சத்தம் வெளியே வருகிறதா என்று சுவரில் காதை ஒட்டிக்கொண்டு கால் மணி நேரம் நின்றார், அதுவும் சரி. கடைசியில் தெருமுனையில் டேப்பை விரித்தவருக்கு முகம் சுண்டிப்போனது.

“சரக்கு ஏத்த வர்ற லோடு ஆட்டோ திரும்ப முக்கால் அடி கம்மியா இருக்குதும்மா. ஆபீஸர் வந்து பாத்தா லைசென்ஸ் தரமாட்டாரு.”

ஸ்டெல்லா அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “அப்ப மெஷின திருப்பி அனுப்பிட்டு மறுபடியும் வேன்லயே போவணுமா பாய்?”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “யார் வீடு பாய் தெருவுல நீட்டிக்கினு இருக்குது? எனக்குச் சொன்ன மாதிரி இடிக்கச் சொல்லுங்க!”

பாய் டேப்பை மெல்லச் சுருட்டினார். “என் வீட்டுப் படிதான் சார்.”

தெருவே சிரித்தது. சன்ஷேட் இழந்த நான் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தேன்.

“நேத்து மழை பேஞ்சுதே, காஞ்சப்புறம் அளந்து பாருங்க பாய்!”

“மூணு தபா அளந்துட்டேன் சார். காஞ்சுதான் இருக்குது.”

மறுநாள் காலை கடப்பாரைச் சத்தம் கேட்டது. பாயே மூன்று கருங்கல் படிகளையும் பெயர்த்துக்கொண்டிருந்தார். வேர்வையைத் துடைத்துவிட்டு, மறுபடி ஒருமுறை அளந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். லைசென்ஸும் வந்தது.

பாய் வீட்டு வாசலோ இடுப்பு உயரம். இப்போது ஸ்டூல் போட்டுத்தான் ஏறி இறங்குகிறார். ஸ்டூல் தெருவில் கிடந்தால் அதுவும் ஆக்கிரமிப்பு என்று அதை ஸ்டெல்லா அக்கா வீட்டில் வைத்துவிட்டார். “ஸ்டெல்லாம்மா, ஸ்டூலு!” என்று குரல் கேட்டால் நான்கு மெஷினும் நின்றுவிடும்; அக்கா ஸ்டூலோடு ஓடுவார்.

நேற்று மதியம் அந்தக் குரல் வர வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கைகூடக் கழுவாமல் நான் வாசலில் போய் நின்றேன்.