சகலை வீட்டுக்குப் போன ஜோடி

தன்னிடம் இருப்பது சகலையிடம் இருக்கக் கூடாது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கடைப்பிடித்த ஒரே கொள்கை இதுதான். மாடி வீட்டுச் சகலை கார் வாங்கினார், இவர் பல்லைக் கடித்துக்கொண்டார். சகலை வழுக்கையில் முடி நட்டுக்கொண்டு வந்தார். இவருக்குக் கடிக்கப் பல் மிச்சமில்லை. ஆனால் மீன் தொட்டி இவருடையது. அதில் இருந்தவை முட்டையிடாமல் குட்டி போடும் அபூர்வ மீன்கள், ஊரில் வேறு யாரிடமும் கிடையாது. வருகிறவர்கள் எல்லாம் முதலில் தொட்டி முன்னால்தான் போய் நிற்பார்கள், சகலை உட்பட.

அந்தச் சகலை ஒரு ஜோடி கேட்டு ஆளனுப்பிவிட்டார். ஆள் வேறு யாருமில்லை, இவர் மனைவிதான்.

"ஏங்க, அக்காவும் அத்தானும் ஆசையா கேக்கிறாங்க. இல்லேன்னா நல்லாவா இருக்கும்?"

வயிறு எரிந்தது. அந்த எரிச்சலிலேயே ஒரு யோசனையும் பிறந்தது.

"தாராளமா குடு. ஆனா பொண்ணா பார்த்து ரெண்டு பிடி. ஆண் இல்லாம எப்படிப் பெருகும்?"

"ஜோடியில்ல கேட்டாங்க?"

"ரெண்டு குடுத்தா ஜோடிதான். உங்க அத்தானுக்கு ஆண் எது, பொண்ணு எதுன்னு தெரியவா போகுது?"

பொன் வால் ஆண்களுக்குத்தான். பெண்கள் வெறும் சாம்பல். இருந்த மூன்று பெண்களில் வயிறு உப்பிய இரண்டை மனைவி நிதானமாகத் தேடிப் பிடித்தாள். ஊருக்கெல்லாம் பார்வை சோதிக்கிறவர் அதைக் கவனிக்கவில்லை.

சில வாரம் கழித்து மாடியில் ஒரே ஆரவாரம். "சகலை, ஓடி வாங்க! தொட்டி பூரா குட்டி!"

போய்ப் பார்த்தவர் முகம் செத்துப்போய் இறங்கி வந்தார்.

"ஆணே இல்லாம எப்படிடீ?"

"ஒரு தடவை சேர்ந்தா போதுங்க. அதை உள்ள வச்சுக்கிட்டே மாசக்கணக்கா குட்டி போடும்."

"உனக்கு யார் சொன்னா?"

"தொட்டி வாங்கினது நீங்க. தண்ணி மாத்துறதும் தீனி போடுறதும் யாரு?"

இங்கே மிஞ்சிய ஒற்றைப் பெண்ணை இத்தனை ஆண்களும் துரத்தித் துரத்தியே சாகடித்துவிட்டன. இனி இவர் தொட்டியில் குட்டி ஏது? மாடியில் குட்டிகள் வளர்ந்து பொன் வாலோடு மின்னின. வருகிறவர்கள் இவர் வாசலைத் தாண்டி நேரே படியேறினார்கள். ஒவ்வொரு செருப்புச் சத்தமும் இவர் நெஞ்சில் மிதித்தது.

கடைசியில் மானத்தை விட்டார். "மாடிக்குப் போய் ஒரு ஜோடி வாங்கிட்டு வா. நான் கேட்டேன்னு சொல்லாத."

மனைவி தண்ணீர்ப் பையோடு வந்தாள். ஆவலாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உள்ளே இரண்டு பொன் வால்கள்.

"ரெண்டும் ஆணா இருக்கே!"

"ரெண்டு குடுத்தா ஜோடிதானே?"

"பார்த்தியா உங்க அத்தான் புத்தியை!"

"அத்தானுக்கு ஆண் எது, பொண்ணு எதுன்னு தெரியவா போகுது?" என்றாள் மனைவி. "பார்த்துப் பிடிச்சது நான்தான்."