இமை இல்லாத கதவு

நூலகர் ஒற்றைக் காலில் நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, இடுப்பை ஒரு சுழற்று சுழற்றிய அந்த நேரத்தில்தான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, தோட்டத்துக்கு அப்பால் இருந்த எதிர் வீட்டு மாடியில் ஒருவர் நிற்பதைப் பார்த்தார்.

வயதானவர். கையில் ஒரு கோப்பை. மாடியில் நின்று காற்று வாங்குகிறவர் நாலு பக்கமும் பார்ப்பார் அல்லவா? இவர் பார்க்கவில்லை. நேராக, நிதானமாக, நூலகரின் இடுப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நூலகர் தூக்கிய காலைக் கீழே வைக்கவில்லை. நொண்டி நொண்டியே போய் சோபாவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

"ஏங்க, பாட்டு ஓடிட்டே இருக்கு. எங்க போனீங்க?" என்று கேட்டபடி மனைவி சமையலறையிலிருந்து வந்தாள்.

"குனிஞ்சு வா. எதிர் மாடியில ஆள் இருக்கு."

"அது ரொம்ப நாளா காலியா கிடக்குற மாடியாச்சே?"

"இப்ப காலியா இல்ல. அதான் சொல்றேன், குனின்னு."

நூலகரின் பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. பகல் முழுவதும் உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்று சொல்வதுதான் அவர் உத்தியோகம். அவர் சிரித்துப் பார்த்தவர்கள் அந்த ஊரில் கிடையாது. அப்படிப்பட்டவர் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பனியனும் அரைக்கால் சட்டையுமாக ஒரு மணி நேரம் பாட்டுப் போட்டு ஆடுவார். அதற்கு ஆட்டம் என்று பேர் வைத்ததும் அவர்தான். அந்த ஒரு மணி நேரம் இல்லாவிட்டால் மறுநாள் ஒரு "உஷ்" கூடச் சரியாக வராது என்பார்.

மனைவிக்கு நேர்மாறான தொழில். மழலையர் பள்ளியில் ஆசிரியை. நாள் முழுக்கக் கூச்சலும் அழுகையும் மூக்கொழுகலும். வீட்டுக்கு வந்ததும் அவளுக்குப் பேச்சே வேண்டாம், கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். அதற்காகவே பின்பக்கச் சுவரை இடித்து, தரையிலிருந்து கூரை வரைக்கும் ஆறு மடிப்புக் கண்ணாடிக் கதவு போட்டிருந்தார்கள். பல வருஷக் கனவு அது. மாட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

கதவு விற்ற கடைக்காரர் அப்போதே கேட்டார்: "ரெண்டு கண்ணாடிக்கு நடுவுலயே பிளைண்ட்ஸ், அதான் ஏத்தி இறக்கற பட்டைத் திரை, வெச்ச மாதிரி வருதும்மா. தூசி படாது, துடைக்க வேணாம். போட்டுடலாமா?"

"வானத்தைப் பாக்கத்தான் கதவே போடறோம். அதுக்கு எதுக்குங்க இமை?" என்று மனைவி சொல்லிவிட்டாள்.

"உங்க இஷ்டம்மா" என்று அவரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இப்போது நூலகர் சோபாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். கோப்பையில் இருந்ததைக் குடித்து முடித்த பிறகும் பெரியவர் நகரவில்லை.

மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தார். அதற்கு மறுநாளும். மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

"பெட்ரூம்ல ஆடுங்களேன்" என்றாள் மனைவி. ஆடினார். கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டு அடுத்த நாள் முழுக்க விந்தி விந்தி நடந்தார். திரை போடலாம் என்றால், கதவு கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. கம்பி அடிக்க ஓர் அங்குலம் இடமில்லை.

கடைசியில் நூலகத்திலிருந்து பழைய செய்தித்தாள்களை ஒரு கட்டு கொண்டுவந்து கண்ணாடி முழுக்க ஒட்டினார். நூலகர் அல்லவா, தேதி வரிசைப்படி ஒட்டினார். வீடு குகை மாதிரி ஆனது. அன்றைக்கு மனம் விட்டு ஆடினார்.

மனைவி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். பையைக் கீழே வைத்தாள். வானம் இருந்த இடத்தில் போன வருஷத்துத் தங்க விலை இருந்தது. அவள் கதவின் தாழ்ப்பாளை நீக்கி, ஆறு கதவையும் மடித்து மடித்து ஓரமாகத் தள்ளிவிட்டாள். செய்தித்தாள் மடிப்புக்கு மடிப்பு டர்ர் டர்ர் என்று கிழிந்தது. பின்பக்கச் சுவர் என்று ஒன்றே இல்லாமல் போக, நடுக்கூடத்தில் இடுப்பில் கை வைத்தபடி நூலகர். அவருக்கும் பெரியவருக்கும் நடுவில் இப்போது கண்ணாடிகூட இல்லை.

பெரியவர் கையை உயர்த்தி ஒரு வணக்கம் வைத்தார். பழக்கதோஷத்தில் நூலகரும் பதில் வணக்கம் வைத்துத் தொலைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி. எதற்கும் ஒரு யோசனை வைத்திருப்பவன்.

"மாமா, இதுக்குப் போயா கவலைப்படறீங்க? கண்ணாடியில ஒட்டற ஃபிலிம் இருக்கு. வெளிய இருந்து பாத்தா முகம் பாக்கற கண்ணாடி. உள்ள இருந்து பாத்தா வானம் பளிச்சுனு தெரியும். அக்காவுக்கும் சந்தோஷம், உங்களுக்கும் சந்தோஷம்."

ஒட்டினார்கள். பகலில் தோட்டத்தில் நின்று பார்த்தால் நூலகருக்குத் தன் முகம்தான் தெரிந்தது. உள்ளே இருந்து பார்த்தால் மேகம்கூடத் தெரிந்தது. மனைவி ரொம்ப நாளைக்குப் பிறகு தம்பிக்குத் தன் கையால் காபி போட்டுக் கொடுத்தாள்.

அந்த வாரம் நூலகருக்குப் பொற்காலம். இருட்டியதும் விளக்கு அத்தனையையும் போட்டுக்கொண்டு ஆடினார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஆடினார். எதிர் மாடி விளக்கடியில் பெரியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது மங்கலாகத் தெரிந்தது. கண்ணாடியில் என்னத்தைப் பார்க்கிறாரோ, பாவம் என்று நினைத்துக்கொண்டார். தைரியம் முற்றி, இரண்டு தடவை அவரைப் பார்த்து நாக்கைத் துருத்தியும் காட்டினார்.

வார முடிவில் ஒரு சாயங்காலம், இருட்டிய பிறகு, "கொடியில துணி கிடக்கு, எடுத்துட்டு வாங்க" என்றாள் மனைவி. நூலகர் தோட்டத்துக்குப் போனார். துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார். வீட்டுக்குள், அன்றைக்கு மறுபடி வந்திருந்த மச்சினன் சோபாவில் உட்கார்ந்து, கழற்றிய சாக்ஸை மோந்து பார்த்துக்கொண்டிருந்தான். மோந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தது வரை சினிமாக் கொட்டகையில் பார்ப்பதுபோலத் தெளிவாகத் தெரிந்தது.

நூலகரின் தோளிலிருந்து துணியெல்லாம் மண்ணில் விழுந்தது.

"டேய், வெளிய இருந்து எல்லாம் தெரியுதுடா!"

"ராத்திரியில தெரியத்தான் செய்யும் மாமா. எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் தெரியும்."

"இதை ஏண்டா முதல்லயே சொல்லல?"

"நீங்க லைட்டைப் போட்டுட்டு ஆடுவீங்கன்னு எனக்கு எப்படி மாமா தெரியும்?"

நூலகர் மெல்லத் தலையைத் திருப்பி மேலே பார்த்தார். நாற்காலியில் இருந்த பெரியவர் இரண்டு கைகளையும் சேர்த்து மெதுவாகக் கைதட்டினார்.

மறுநாள் நூலகத்தில் அவருக்கு "உஷ்" வரவில்லை. உதட்டில் விரலை வைத்தால் காற்றுதான் வந்தது. யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தான் என்று தோன்றியது. "என்ன சார், கொஞ்சம் இளைச்ச மாதிரி இருக்கீங்க, உடற்பயிற்சியா?" என்று ஒருவர் சாதாரணமாகக் கேட்க, நூலகர் அலமாரிக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டார். ஆடவும் முடியாமல், அதட்டவும் முடியாமல் எப்படி ஒரு மனுஷன் காலம் தள்ளுவது? அங்கிருந்தே கதவுக் கடைக்காரருக்குப் போன் செய்தார்.

கடைக்காரர் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்தார். "கதவை மாத்த வேணாம் சார். கண்ணாடியை மட்டும் கழட்டிட்டு, உள்ள பிளைண்ட்ஸ் வெச்ச கண்ணாடியை மாட்டிடலாம். ஆனா ஒண்ணு. சீல் பண்ணின பிறகு நிறம் புடிக்கலைன்னா மாத்த முடியாது. நிதானமா யோசிச்சு எடுங்க."

நத்தை வளர்ப்பு பற்றிய புத்தகத்தை விவசாயத்தில் வைப்பதா, விலங்கியலில் வைப்பதா என்று ஒரு மாதம் யோசித்தவர் நூலகர். அவரிடம் போய் நிதானமாக யோசிக்கச் சொன்னால்? வெள்ளை, சந்தனம், சாம்பல் என்று மூன்று மாதிரிகள் சோபாவில் கிடந்தன. அவற்றை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்ததில் மூன்று சாயங்காலங்கள் போயின. மூன்றாம் நாள் மச்சினனும், முடிவு கேட்க வந்த கடைக்காரரும்கூடக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"வெள்ளையே போதுங்க. மூடினாலும் கொஞ்சம் வெளிச்சம் வரும்" என்றாள் மனைவி.

"வெளிச்சம் வந்தா நிழல் தெரியும். நிழல்ல இடுப்பு தெரியும்."

"மாமா, நான் வேணா வெளிய நின்னு பாத்துச் சொல்றேன்" என்றான் மச்சினன்.

"நீ பேசாத. உன் பேச்சைக் கேட்டுத்தான் நான் நாக்கைத் துருத்தினேன்."

மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "அப்ப அந்தப் பெரியவரையே கேளுங்க! அவர்தான் பொழுதன்னிக்கும் பாக்கறாரே!"

எரிச்சலில் சொன்னதுதான். ஆனால் நூலகர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "சரியாத்தான் சொல்ற. தெரியுதா இல்லையான்னு அவரை விட வேற யாருக்குத் தெரியும்?"

"நல்ல யோசனை சார்" என்றார் கடைக்காரர்.

விளக்கைப் போட்டார்கள். மச்சினனும் கடைக்காரரும் வெள்ளை மாதிரியைக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்தார்கள். நூலகர் அதன் பின்னால் நின்று கையை ஆட்டிவிட்டு, ஓரத்தில் திறந்திருந்த கதவு வழியாக எட்டிப் பார்த்தார். எதிர் மாடியில் பெரியவர் உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினார். தெரிகிறதாம்.

சந்தனம். இடுப்பை லேசாக அசைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்து அதே அசைவை அப்படியே ஆடிக் காட்டினார். நூலகரைவிட நன்றாகவே ஆடினார்.

சாம்பல். நூலகர் குதித்தார், சுழன்றார், துண்டை வீசினார். எட்டிப் பார்த்தால், பெரியவர் கண்ணுக்கு மேல் கையை வைத்து இடமும் வலமும் தேடிவிட்டு, இரண்டு கைகளையும் விரித்தார். ஆளையே காணோமாம்!

"சாம்பல்தான்! முடிஞ்சுது!" நூலகர் கூவினார்.

"பெரியவங்க கண்ணு தப்பாது சார். ஆனா அது ரிமோட்டோடதான் வரும். இருக்கறதுலயே அதுக்குத்தான் விலை ஜாஸ்தி."

"பரவாயில்ல. போடுங்க."

மனைவி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நூலகருக்கு மனசு கேட்கவில்லை. "சாயங்காலம் ஒரே ஒரு மணி நேரம்தான்மா மூடுவேன். மத்த நேரமெல்லாம் பட்டையெல்லாம் மேல ஏத்தி வெச்சிடறேன். உன் வானம் உன்னோடதுதான்" என்றார். அவள் சிரித்து, தலையாட்டினாள்.

புதுக் கண்ணாடி வந்தது. ரிமோட்டை அழுத்தினால் ஆறு கதவிலும் சாம்பல் பட்டைகள் சர்ரென்று இறங்கின. உள்ளே ஒரு மனுஷன் துண்டைச் சுழற்றிக்கொண்டு ஆடுவது வெளியே ஒரு குருவிக்கும் தெரியாது. நூலகத்தில் "உஷ்" திரும்பி வந்தது. முன்னைவிட உரக்கவே வந்தது. எல்லாம் சுபம் என்று இங்கேயே முடித்துவிடலாம். நூலகரின் மனசாட்சிதான் விடவில்லை.

"ஏம்மா, இந்த ஆட்டத்துல ஏதோ குறையுது" என்றார் ஒருநாள், நடுக்கூடத்தில் நின்றுவிட்டு.

"எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு. அவர் பாவம்ங்க. தனியா இருக்கற மனுஷன். சாயங்காலம் ஆனா நம்மளைப் பாக்கறது ஒண்ணுதான் அவருக்குப் பொழுதுபோக்கா இருந்திருக்கும். அதையும் மூடிட்டோம். மூடறதுக்கு அவரே உதவி பண்ணினாரு வேற."

நூலகர் பாட்டை நிறுத்தினார். நாக்கைத் துருத்தியது ஞாபகத்துக்கு வந்து சுட்டது. மறுநாள் சாயங்காலமே இருவரும் ஒரு பை நிறையப் பழம் வாங்கிக்கொண்டு எதிர் மாடிப்படி ஏறினார்கள்.

கதவு திறந்தே இருந்தது. அறையில் ஒரு நாற்காலி, ஒரு கோப்பை, ஒரு குடை. வேறு சாமானே இல்லை. பெரியவர் கோப்பையைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஊருக்குக் கிளம்பறீங்களா?"

"ஆமா தம்பி. இங்க இனிமே எனக்கு என்ன இருக்கு?"

மனைவியின் கண் கலங்கிவிட்டது. நூலகர் பழப்பையை வைத்துவிட்டுப் பெரியவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ஐயா, எங்களை மன்னிச்சிடுங்க. சத்தியமா சொல்றேன், இன்னையில இருந்து நான் பிளைண்ட்ஸை மூடவே மாட்டேன். தினம் ஒரு மணி நேரம் உங்களுக்காகவே ஆடறேன். எனக்கு வெக்கமெல்லாம் போயிடுச்சு. நீங்க போகாதீங்க."

"நிஜமாத்தான் ஐயா. இவர் ஆட்டத்தை முழுசா உக்காந்து பாத்தது நீங்க ஒருத்தர்தான். நான்கூட வானத்தைத்தான் பாப்பேன்" என்றாள் மனைவி.

கீழே தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. பெரியவர் நூலகரின் தோளைத் தட்டிக்கொடுத்தார். அவர் குரலும் தழுதழுத்தது.

"தங்கமான மனுஷங்க நீங்க. எனக்கும் விட்டுட்டுப் போக மனசே இல்ல தம்பி. ஆனா பக்கத்துத் தெருவுல ஒரு வீட்டுல நேத்துதான் கண்ணாடிக் கதவு மாட்டியிருக்காங்க, இருட்டறதுக்குள்ள அவங்க எதிர் மாடியில போய் நின்னாகணும்னு, உங்களுக்கு பிளைண்ட்ஸ் வித்த என் மாப்பிள்ளை கீழ வண்டியோட காத்துட்டு இருக்கார்."